சுல்தானுக்குப் பின்னால் வந்தவர்கள்

அரியணையின் நடுவில் உட்கார வேண்டிய பிள்ளை அன்று ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

துஹ்ஃபாதான் அவனைத் தூக்கி நடுமெத்தையில் உட்காரவைத்து, தலைப்பாகையைச் சரிசெய்துவிட்டுப் பின்னால் போய் நின்றவள். அரியணைக்கு முன்னால் கனத்த பச்சைத் திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் கொத்தவாலும் படைத்தலைவர்களும் கைகட்டி நிற்க, இந்தப் பக்கம் ஏழு வயது சுல்தானும் அவனுக்குப் பால் கொடுத்து வளர்த்த அவளும் மட்டும். எள்ளெண்ணெய் விளக்கின் புகை, ஈக்களின் ரீங்காரம், கோட்டையை முற்றுகையிட்டிருந்த மலைக்காரர்கள் வெளியே விடாமல் அடித்துக்கொண்டிருந்த முரசு. அவள் சற்றே கண்ணயர்ந்து விழித்தபோது பிள்ளை மெத்தையின் வலது ஓரத்துக்கு நகர்ந்திருந்தான். முழங்கால்களைச் சேர்த்து, கைகளை மடியில் இடுக்கி, கூட்டமான படகில் இடம் கிடைத்தவனைப் போல.

சத்தமில்லாமல் போய் அவனை நடுவுக்கு இழுத்துவிட்டாள். சற்று நேரத்தில் மறுபடியும் ஓரம்.

சபை கலைந்ததும் ஏன் அப்படி உட்கார்ந்தான் என்று கேட்டாள். தெரிந்ததையே கேட்கிறாளே என்பதுபோல அவன் அவளைப் பார்த்தான்.

"இடம் விட்டு உக்காந்தேன் உம்மா."

"யாருக்கு ராசா?"

"சாச்சாங்களுக்கு."

துஹ்ஃபா அவன் தலைப்பாகையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

பிள்ளையின் பெயர் ஹாத்திம். மஹ்ஜரா நகரத்தையும் அதைச் சுற்றிய திஹாமாச் சமவெளியையும் கடல் வரைக்கும் ஆண்ட கய்லான் குடும்பத்தில் மிச்சமிருந்த ஒரே ஆண் வாரிசு. தாய் பிரசவத்திலேயே போய்விட்டாள். தகப்பன் சென்ற குளிர்காலத்தில் காய்ச்சலில் இறந்தபோது அரியணைக்கு உரிமை கொண்டாட அவருடைய தம்பிமார், பிள்ளையின் சாச்சாக்கள், மூன்று பேர் இருந்தார்கள். முதன்மந்திரியான வஸீர் ரைஹான் மூவரையும் சமாதானம் பேச அழைத்தான். விருந்துக்கு முன்னால் அரண்மனைக் குளியல் மண்டபத்தில் குளித்து வரச் சொன்னான். குளித்து வந்தவர்கள் யாருமில்லை. அதற்குப் பிறகு ரைஹான் இந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த ஈரத்தரைக்கே போனான். படைத்தலைவர்களை வரிசையாக அங்கே நிற்கவைத்து, கிடந்த மூவரையும் காட்டி, பிள்ளையின் கையை முத்தமிடச் சொன்னான். ஜனாஸாக்களைத் தூக்கி ஊர்வலம் போனால் ஊர் இரண்டுபடும் என்று பயந்து, தொழுகையும் இல்லாமல் கஃபன் துணியும் இல்லாமல் வெந்நீர் அறையின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். பேரீச்சை பூத்திருந்த காலம் அது. இப்போது காய்கள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன.

அவன் ஓரத்தில் உட்கார்ந்த அந்த நாளுக்குப் பிறகு ஒவ்வொரு சபையிலும் பிள்ளைக்குக் கிடைத்த இடம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் மெத்தையின் ஓரம். பிறகு மெத்தையை விட்டு இறங்கிப் பலகையின் விளிம்பு. சோள ரொட்டி கொடுத்தால் நாலாகப் பிய்த்து, சின்னத் துண்டை மட்டும் தான் எடுத்துக்கொண்டான். முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்தது. சுல்தானின் தட்டுக்கே ஒற்றை ரொட்டிதான் வந்தது. முழுசாகத் தின்னச் சொல்லி அவள் கெஞ்சினாள், மிரட்டினாள், ஒருநாள் வாயில் திணித்தே பார்த்தாள். அவன் மென்று விழுங்காமல் வைத்திருந்து, அவள் திரும்பியதும் உள்ளங்கையில் துப்பிக் காற்றில் நீட்டினான். அவன் விலா எலும்புகளை அவளால் தடவி எண்ண முடிந்தது. மீதித் துண்டுகள் தட்டிலேயே காய்ந்தன. யாரும் தின்னவில்லை. அதைப் பார்த்துச் சற்று ஆறுதல் கொண்டாள். எறும்பு மொய்க்கும் அந்த அரண்மனையில் அந்தத் துண்டுகளை மட்டும் எறும்புகூட நெருங்கவில்லை என்பது சில நாள் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

பிறகொரு நாள் பிள்ளை அரியணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. திரைக்கு அப்பால் அவுரிச் சாயக்காரர்கள் தங்கள் கிணறு வற்றியதைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஆளில்லாத மெத்தை நடுவில் குழிந்திருந்தது. புழுக்கமான காற்றில் வேறொரு வாடை கலந்தது. குளித்துத் துவட்டாத தலைமுடி, பன்னீர், தலைக்குத் தேய்க்கும் களிமண். அப்போது அரியணையிலிருந்து ஓர் ஆண் இருமினான்.

அடித்தொண்டையில் நீர் கட்டிய இருமல். சாயக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தூரத்துத் தூணோரம் நின்றிருந்த வஸீர், சுல்தானுக்குச் சளி பிடித்திருக்கிறது, எல்லோரும் போகலாம் என்றான். அந்தக் குரலில் கேட்ட நடுக்கத்தில்தான் அவளுக்கு ஒன்று புரிந்தது. ரைஹானும் பல நாளாக அரியணைப் பக்கமே வருவதில்லை.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் அவன் அவளைக் கூப்பிட்டனுப்பினான். கொழுத்திருந்த மனிதன், இப்போது தோல் தொங்கியது. அவளை உட்காரச் சொன்னான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

"நீயும் நானும் கடலுக்கு அந்தப் பக்கம் ஹபஷா தேசத்துலருந்து ஒரே படகுல வாந்தி எடுத்துக்கிட்டு வந்தவங்க துஹ்ஃபா. உங்கிட்ட பொய் பேச மாட்டேன். நாளைக்குச் சாயங்காலம் பிள்ளைய மலைக்காரங்ககிட்ட ஒப்படைக்கிறேன். ஊர விட்டுடுறோம்னு சொல்லிருக்காங்க."

"பிள்ளைய?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். கிணறுகள் சேறாகிவிட்டன, கழுதைத்தோலை வேகவைத்துத் தின்கிறார்கள், ஒரு பிள்ளைக்காக ஊரையே சாகவிடச் சொல்கிறாயா என்று அவளையே திருப்பிக் கேட்டான். அவன் சொன்னது நியாயமாகவும் இருந்தது. அவன் காலைப் பிடித்தாள். பிள்ளையை ஏதாவது குடிசையில் தன் மகனாக வளர்த்துக்கொள்வதாக, சுல்தான் என்ற சொல்லையே அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ரைஹான் காலை உருவிக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினான், மாட்டேன் என்று.

அவள் எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டான்.

"அவன் பக்கத்துல படுக்குறியே. உனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

"இல்ல," என்று பொய் சொன்னாள்.

"என் வீடு ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. எனக்கே கேக்குது. தண்ணி மோந்து ஊத்துற சத்தம்."

அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை மஸ்ஊத். கபர்க் குழி தோண்டுகிறவன். அந்த முற்றுகையில் கோட்டைக்கு வெளியே போய்வர மலைக்காரர்கள் அனுமதித்த ஒரே ஆள். தினமும் செத்தவர்களைக் கழுதையில் ஏற்றிக் காட்டாற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனான். ஜனாஸாவோடு ஜனாஸாவாகப் பிள்ளையைக் கடத்த முடியாது. வாசலில் ரைஹானின் ஆட்கள் ஒவ்வொரு துணியையும் விலக்கி முகம் பார்த்தார்கள். ஆனால் மஸ்ஊதுக்கு இன்னொரு வழி தெரியும். குளியல் மண்டபத்தின் வெந்நீர் அறையிலிருந்து கழிவுநீர் போகும் வடிகால் கோட்டைச் சுவருக்கு அடியில் ஓடிக் காட்டாற்று மணலில் திறக்கிறது. தண்ணீர் ஓடி வெகுநாளாகிறது. ஒரு ஆள் தவழ்ந்து போகலாம்.

அவனுக்கு அது தெரிந்ததற்குக் காரணம், அந்த வாசலை அடைத்துப் பூசியவன் அவன்தான்.

"நா வெளிய, அந்த வாய்க்கால் முனையில கழுதையோட நிப்பேன். அஸர் பாங்கு வரைக்கும் நிப்பேன். உள்ள மட்டும் வரச் சொல்லாத. அந்தச் சுவத்துப் பக்கம் இனி என் காலு போவாது," என்றான். ஏன் என்று கேட்டாள். கடப்பாரையைத் துணியில் சுற்றி அவள் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் லுஹர் தொழுகை முடிந்து, உச்சி வெயிலில் அரண்மனை முழுவதும் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தது. காவல்காரர்கள் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிழலில் குறட்டை விட்டார்கள். முரசுகூட நின்றிருந்தது. துஹ்ஃபா தன் இடுப்பில் சுற்றியிருந்த கச்சைத் துணியை அவிழ்த்து நீளமாக முறுக்கிக்கொண்டு பிள்ளையை எழுப்பினாள். நாம் ஒரு விளையாட்டு விளையாடப்போகிறோம், வாயைத் திறக்காமல் வர வேண்டும், இந்த ஊரைவிட்டே போகப்போகிறோம் என்றாள். எந்த வழியாக என்று கேட்டான். குளியல் மண்டபம் வழியாக என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. கய்லான் குடும்பத்து வெள்ளைப் பற்கள். அவன் சிரித்துப் பல மாதமாகிறது.

"அவங்களும் வரலாமா உம்மா?"

கூடத்தில் யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. செருப்பு தேயும் ஒலி. இவனோடு வழக்காட நேரமில்லை.

"வரட்டும். யார் வேணும்னாலும் வரட்டும். நீ சத்தம் போடாம வா."

குளியல் மண்டபத்துக் கதவு பூட்டப்படவில்லை. யாரும் அதைப் பூட்ட வேண்டியிருக்கவில்லை. குவிமாடத்துக் கண்ணாடித் துளைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கித் தரையில் வட்டம் வட்டமாகக் கிடந்தது. வற்றிய தொட்டிகள். சிலந்திவலை. பிள்ளையின் வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டி எழுந்த சத்தம். கோடியில், வெந்நீர் அறையின் வளைவு வாசலை அடைத்த சுண்ணாம்புச் சுவர். அவசரத்தில் பூசிய கைத்தடங்கள் அதில் அப்படியே காய்ந்திருந்தன.

அவள் கடப்பாரையை ஊன்றி நெம்பினாள். நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது. இரண்டாவது கல்லுக்குக் கடப்பாரையே வேண்டியிருக்கவில்லை. கையால் இழுத்தாள், வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, ஓசைப்படாமல் பிள்ளையிடம் நீட்ட, அவன் சமர்த்தாக வாங்கி அடுக்கினான். ஒரு கல்லைத் திருப்பியபோது மறுபக்கம் விரலில் பட்டது. சொரசொரப்பாக. பார்த்தாள். உள்பக்கத்துச் சாந்து முழுவதும் கீறியிருந்தது. மேலிருந்து கீழாக, நாலு நாலு கோடுகளாக. அடுத்த கல்லிலும். அதற்கடுத்ததிலும்.

அவள் திருப்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

துவாரம் உடல் நுழையும் அளவுக்கானதும் பிள்ளையின் முகத்தைத் தன் மார்பில் அழுத்தி, தன் கண்ணையும் பாதி மூடிக்கொண்டு உள்ளே போனாள். என்ன பார்க்க நேரும் என்று இரவெல்லாம் தன்னைத் தயார்படுத்தியிருந்தாள். எலும்பு, துணி, நாற்றம், எல்லாவற்றுக்கும். நாற்றம் இல்லை. பன்னீர் வாடை. கண்ணைத் திறந்தாள். பளிங்குத் தரை துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது. மூன்று இடங்களில் மட்டும் சற்றுக் கறுத்திருந்தது. அடுப்பு அணைந்து மாதங்கள் ஆகியும் அந்தத் தரை அவள் உள்ளங்காலில் வெதுவெதுத்தது.

யாரும் இல்லை. யாருமே இல்லை. ரைஹான் எப்போதோ ரகசியமாக எடுத்து அடக்கம் செய்திருக்க வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடைத்த சுவருக்குள்ளிருந்து எப்படி எடுத்தான் என்று மனம் கேட்டது. கேட்க வேண்டாம் என்று அதை அதட்டினாள்.

"வழி விட்டு நிக்கிறாங்க உம்மா," என்றான் பிள்ளை அவள் மார்புக்குள்ளிருந்து.

வடிகாலின் வாய் மூலையில் இருந்தது. சல்லடைக் கல்லைப் புரட்டிப் போட்டாள். இருட்டு, பழைய சவுக்கார வாடை, வெகுதூரத்தில் ஒரு ஊசிமுனை வெளிச்சம். முறுக்கிய துணியின் ஒரு நுனியைத் தன் இடுப்பிலும் மறு நுனியைப் பிள்ளையின் இடுப்பிலும் முடிந்தாள். முதலில் அவள். பின்னால் அவன். முன்னால் பாம்போ தேளோ இருந்தால் தன்மேல் படட்டும் என்று நினைத்தாள்.

உள்ளே போனபிறகுதான் தெரிந்தது, திரும்பிப் பார்க்க இடமில்லை. தோள் இரண்டு பக்கமும் உரசியது. தலை நிமிர்ந்தால் கல் இடித்தது. முழங்கையை ஊன்றி உடலை இழுக்க வேண்டும், நின்று மூச்சு வாங்க வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும். பின்னால் பிள்ளையின் சின்ன மூச்சு. துணியில் அவன் லேசான பாரம். வாயில் ஓதிக்கொண்டே போனாள், பாதியில் வரிகள் குழம்பின, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"வர்றியா ராசா?"

"வர்றேன் உம்மா."

கொஞ்ச தூரம் போனதும் துணி இறுகியது. பிள்ளை களைத்துவிட்டான் போல. அவள் பலமாக இழுத்தாள், வந்தான். மறுபடி இறுகியது. இந்தத் தடவை இன்னும் கனமாக. பட்டினியில் பாதியான பிள்ளை, ஒரு குடம் தண்ணீரைவிட லேசானவன். அந்த முடிச்சு இப்போது அவள் இடுப்பு எலும்பை அறுத்தது.

"காலு மாட்டிக்கிச்சா?"

"இல்ல."

மூச்சு கேட்டது. சின்ன மூச்சு. அதற்குப் பின்னால் இன்னொன்று. கரகரவென்று, தொண்டையில் நீர் கட்டி.

எதிரொலி. வேறென்ன. எதிரொலிதான்.

முழங்கை தோல் உரிந்தது. இழுத்தாள். வெளிச்சம் காசு அளவுக்கு வந்தது. இழுத்தாள். ரொட்டி அளவுக்கு. பின்னால் துணி சரசரக்கும் ஓசை, ஈரத்துணி. வெகு பின்னால் ஓர் இருமல். அதற்கும் பின்னால் ஒரு முனகல். அவள் சத்தமாக ஓதினாள். அல்லாஹ்வே, வெளிச்சம் வரைக்கும். வெளிச்சம் வரைக்கும் மட்டும்.

தலை வெளியே வந்தது. வெயில் கண்ணில் அறைந்தது.

மணல். சவுக்கு மர நிழல். மஸ்ஊத் சொன்னபடியே கழுதையோடு நின்றிருந்தான். ஓடிவந்து அவள் அக்குளைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். அவள் புரண்டெழுந்து மண்டியிட்டு, இரண்டு கையாலும் துணியைப் பற்றி இழுத்தாள். பிள்ளையின் தலை வந்தது, தூசி படிந்த முடி, பிறகு தோள், பிறகு ஒரு கை. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அழுதாள். முகத்தைத் தடவினாள். உயிரோடு இருந்தான், சூடாக இருந்தான், அவன் கழுத்து நரம்பு அவள் விரலடியில் துடித்தது. இந்தப் பிள்ளையை இனி யாரும் பிடுங்க முடியாது.

அவன் மற்றொரு கை இன்னும் துவாரத்துக்குள் இருந்தது.

"கைய எடு ராசா. வா."

"விட மாட்டேங்கிறாங்க உம்மா."

அவனை மார்போடு சேர்த்துப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். முழங்கை வெளியே வந்தது. மணிக்கட்டு வந்தது. அவன் சின்ன விரல்களைச் சுற்றி இன்னொரு கை இருந்தது. பெரியது. சுண்ணாம்பு ஏறி வெளுத்தது. நகங்கள் இல்லை.

மஸ்ஊத் கழுதையின் கயிற்றை விட்டான். அவளுக்கு முதுகைக் காட்டாமலே பின்னோக்கி நடந்தான், மணலில் தடுக்கி விழுந்தான், எழுந்து ஓடினான். அவள் பிடியை விடவில்லை. விட்டுவிட்டால் பிள்ளை உள்ளே போய்விடுவான். இழுத்தால், அவர்களும்.

அந்தக் கையின் மணிக்கட்டை வேறொரு கை பற்றியிருந்தது. அதற்கும் பின்னால், இருட்டில், வெளுத்ததாக இன்னொன்று.

உள்ளிருந்து ஒரு இழுப்பு. பிள்ளை முழங்கை வரைக்கும் உள்ளே போனான். அவன் முகத்தில் சிரிப்பு மறைந்தது. வலித்தது போலும். உதடு பிதுங்கியது. ஏழு வயதுப் பிள்ளையின் முகம், வேறு எதுவும் இல்லை.

"இழுங்க உம்மா," என்றான்.

துஹ்ஃபா குதிகாலை மணலில் ஊன்றினாள். கண்ணை மூடவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். பிள்ளையின் கை வந்தது, அதைப் பற்றிய வெளுத்த கையும் கூடவே வந்தது. மறுபடி இழுத்தாள்.